பின்னின சட்டை பிழைத்துப்போனால் எங்கே பார்ப்பது

மட்டக்களப்பில் கல்லடியில் இருக்கும் மச்சாளின் மகள் போன கிழமை ஒரு பையோடு வந்தாள். உள்ளே பாதி பின்னின லேஸ் சால்வை. "மாமி, நேற்று வரைக்கும் சரியாத்தான் வந்தது, இப்ப இந்த இலை மட்டும் ஒரு பக்கமாச் சாயுது" என்றாள். அந்த இலையையே பிரிப்பதும் பின்னுவதுமாக மூன்று இரவு போயிருக்கிறது. நான் சால்வையை ஜன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்து, இலையை விட்டுவிட்டு அதன் அடியிலிருந்து ஒவ்வொரு வரிசையாக மேலே எண்ணிக்கொண்டு வந்தேன். நான்கு வரிசைக்குக் கீழே துளை இருக்க வேண்டிய ஓரிடத்தில் துளை இல்லை. பிழை நடந்தது அங்கே, கண்ணில் பட்டது இங்கே.

பின்னலில் அநேகமாக எல்லாப் பிழையும் இப்படித்தான். அதனால் கீழே கண்ணில் படுவதை முதலில் எழுதி, அது எங்கே தொடங்கியிருக்கும், என்ன செய்யலாம் என்று சொல்லிக்கொண்டு போகிறேன். உங்கள் துண்டில் என்ன தெரிகிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போங்கள். சொற்கள் பற்றி ஒன்று: வலை முடிகிறவர்கள் சொல்வதுபோல நானும் கண்ணி என்றே எழுதுகிறேன். பிளேன் என்றால் நூலைப் பின்னால் வைத்துக் கண்ணிக்குள்ளால் முன்னுக்கு இழுப்பது, பேர்ல் என்றால் முன்னால் வைத்துப் பின்னுக்கு இழுப்பது. லேஸில் துளை விழுவதற்காக ஊசியில் நூலை ஒருமுறை சுற்றுவதை நூல்சுற்று என்கிறேன்.

சட்டை சொன்ன அளவுக்கு வரவில்லை

இதற்கு நூலையோ பின்னல் குறிப்பையோ குற்றம் சொல்வதற்கு முன்னால், மாதிரித் துண்டு பின்னினீர்களா என்று யோசியுங்கள். பின்னவில்லை என்றால் பிழை முதல் கண்ணி போடுவதற்கு முன்னாலேயே நடந்துவிட்டது. குறிப்பில் 10 சென்றிமீற்றருக்கு 28 கண்ணி என்று இருக்கிறது, சுற்றளவுக்கு 112 கண்ணி போடச் சொல்கிறது என்றால், அவர்கள் எதிர்பார்ப்பது 40 சென்றிமீற்றர் சட்டை. உங்கள் கை கொஞ்சம் தளர்வு, 10 சென்றிமீற்றருக்கு 26 கண்ணிதான் வருகிறது என்றால் அதே 112 கண்ணி 43 சென்றிமீற்றர் ஆகிவிடும். கை இறுக்கம், 30 வருகிறது என்றால் 37 சொச்சம்தான் கிடைக்கும். வெறும் இரண்டு கண்ணி வித்தியாசம், ஆனால் பிறந்த பிள்ளைக்கு ஒன்று இரண்டு மாதத்துக்குப் பிறகுதான் போடலாம் அல்லது போடவே முடியாது என்கிற அளவுக்கு அது இழுத்துக்கொண்டு போகும்.

மாதிரித் துண்டை 15 சென்றிமீற்றர் அகலத்துக்காவது பின்னுங்கள், ஓரத்தை விட்டு நடுவில் 10 சென்றிமீற்றரை அளவுங்கள். அதோடு, அளவுவதற்கு முன்னால் அதைக் கழுவிக் காயவையுங்கள். பருத்தி நூல் கழுவினால் மாறும். கழுவாத துண்டைப் பார்த்துப் பின்னின சட்டை முதல் கழுவலிலேயே வேறொரு சட்டையாகிவிடும். கண்ணி கூட வந்தால் கொஞ்சம் பெரிய ஊசி, குறைய வந்தால் சின்ன ஊசி. கையை இறுக்கியோ தளர்த்தியோ சரிபண்ணப் பார்க்காதீர்கள், பத்து வரிசை போனதும் கை தன் பழக்கத்துக்கே திரும்பிவிடும்.

துண்டும் பின்னினேன், அப்படியிருந்தும் பெரிய வித்தியாசம் வருகிறது என்கிறவர்கள் ஊசியின் இலக்கத்தைப் பாருங்கள். அம்மம்மா காலத்து ஊசிகளில் இருப்பது பழைய பிரித்தானிய இலக்கம். அதில் 8 என்றால் 4 மில்லிமீற்றர், 10 என்றால் 3.25 மில்லிமீற்றர், இலக்கம் கூடக் கூட ஊசி மெலியும். அமெரிக்க இலக்கம் நேர் எதிர்: 8 என்றால் 5 மில்லிமீற்றர், 10 என்றால் 6. இணையத்தில் எடுத்த அமெரிக்கக் குறிப்பை வீட்டில் கிடந்த 8ஆம் இலக்க ஊசியால் பின்னினால் சட்டை பொம்மைக்குத்தான் அளவாக இருக்கும். மில்லிமீற்றரை மட்டும் நம்புங்கள். ஊசியில் எழுத்து அழிந்துபோயிருந்தால் ஒரு கடதாசிக் கீற்றை அதில் ஒருமுறை இறுக்கமாகச் சுற்றி, முட்டுகிற இடத்தில் குறி போட்டு, விரித்து அளவுங்கள். 10 மில்லிமீற்றர் சொச்சம் வந்தால் அது 3.25 ஊசி, பன்னிரண்டரை வந்தால் 4.

கொக்கி ஊசியால் பின்னும் குரோஷேயிலும் இதே சிக்கல் பெயரில் இருக்கிறது. அமெரிக்கக்காரர் சிங்கிள் என்பதைத்தான் பிரித்தானியர் டபுள் என்கிறார்கள், அமெரிக்க டபுள்தான் பிரித்தானிய ட்ரெபிள். குறிப்பில் சிங்கிள் குரோஷே என்ற சொல் வந்தால் அது அமெரிக்கக் குறிப்பு என்று எடுத்துக்கொள்ளலாம்.

கழுத்து தலைக்குள் போகவில்லை

இது எனக்கே நடந்தது. எங்கள் வீட்டில் ஒரு பிள்ளையின் 31ஆம் நாளுக்கு வெள்ளைச் சட்டை பின்னி வைத்திருந்தேன். பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டு வந்து சட்டையை மாட்டினால் நெற்றியோடு நின்றுவிட்டது. சட்டை பெரிசு, கழுத்தின் கடைசி ஓரம் மட்டும் கம்பி மாதிரி இருந்தது. பிள்ளை வீரிட்டு அழுதது, நான் கழற்றிவிட்டேன், அன்றைக்கு வேறு சட்டைதான். அந்த அழுகையை நான் மறக்கவில்லை, அதற்குப் பிறகு எந்தக் கழுத்தையும் சோதிக்காமல் முடித்ததும் இல்லை.

பிறந்த பிள்ளையின் தலைச் சுற்றளவு சுமார் 35 சென்றிமீற்றர், நெஞ்சைவிடத் தலைதான் கொஞ்சம் பெரிசு. கழுத்து அந்த அளவுக்கு இலேசாக இழுபட வேண்டும். இழுபடாததற்குக் காரணம் அநேகமாகக் கடைசியில் கண்ணி மூடின விதம், அதாவது கண்ணிகளை அவிழாதபடி ஊசியிலிருந்து முடித்து இறக்கின விதம். மூடும்போது இரண்டு அளவு பெரிய ஊசியை வலது கையில் எடுங்கள். அதைவிட நல்லது, இரண்டு கண்ணியைப் பின்பக்கத்தால் சேர்த்துப் பின்னி, கிடைத்த ஒரு கண்ணியைத் திரும்ப இடது ஊசியில் போட்டு, அதையும் அடுத்ததையும் மறுபடி சேர்த்துப் பின்னிக்கொண்டு போவது. இது ரப்பர் மாதிரி இழுபடும்.

ஏற்கெனவே முடித்த சட்டை என்றால் மூடின வரிசையை மட்டும் பிரித்து மறுபடி மூடுங்கள், அரை மணித்தியால வேலை. அதற்கும் வழியில்லை என்றால் ஒரு பக்கத் தோள் தையலை 5, 6 சென்றிமீற்றர் திறந்து இரண்டு தெறி வைத்துவிடுங்கள். கழுத்தில் ரிபன் கோர்த்து இழுத்துக் கட்டுகிற பழைய மொடல்களை மட்டும் தயவுசெய்து பின்ன வேண்டாம். கழுத்தைச் சுற்றி எந்தக் கயிறும் பிள்ளைக்கு ஆபத்து, எவ்வளவு வடிவாக இருந்தாலும்.

ஓரம் சுருண்டுகொண்டு நிற்கிறது

இது பிழையே இல்லை. ஒரு வரிசை பிளேன், ஒரு வரிசை பேர்ல் என்று பின்னின துணி சுருளத்தான் செய்யும், கழுவினாலும் அயன் பண்ணினாலும் திரும்பச் சுருளும். தொடக்கத்திலும் ஓரங்களிலும் நாலைந்து கண்ணிக்கு எல்லா வரிசையும் பிளேனாகவோ அல்லது ரிப்பாகவோ (பிளேன் கண்ணியும் பேர்ல் கண்ணியும் மாறிமாறி) வைத்துப் பின்னியிருக்க வேண்டும். முடித்த துண்டுக்கு ஓரத்தில் கண்ணி எடுத்து ஒரு கரை பின்னிச் சேர்க்கலாம். எடுக்கும்போது நான்கு வரிசைக்கு மூன்று கண்ணி என்ற கணக்கில் எடுங்கள், வரிசைக்கு ஒன்றாக எடுத்தால் கரை அலையலையாக நிற்கும்.

எண்ணிக்கை தானாகக் கூடுகிறது

ஒவ்வொரு வரிசையின் முதல் கண்ணியையும் பாருங்கள். ஊசியைத் திருப்பிப் பிடிக்கும்போது நூல் ஊசிக்கு மேலாகப் பின்னால் போயிருந்தால் முதல் கண்ணி இழுபட்டு இரண்டு கால் (கண்ணியின் இரண்டு பக்க நூல்) தெரியும். நீங்கள் இரண்டையும் தனித்தனிக் கண்ணி என்று நினைத்துப் பின்னிவிடுவீர்கள். நூலைக் கீழாக விட்டுத் தொடங்கினால் சரி. நடுவில் கூடினால், பேர்லிலிருந்து பிளேனுக்கு மாறும்போது நூலைப் பின்னால் கொண்டுபோக மறந்திருப்பீர்கள். அந்த இடத்தில் ஒரு சின்னத் துளையும் இருக்கும், அதுதான் அடையாளம்.

வரிசையின் நடுவில் வேலையை வைத்துவிட்டு எழும்பாதீர்கள். கரண்ட் போனாலும் அடுப்பில் பால் பொங்கினாலும் முடிந்தவரை வரிசையை முடித்துவிட்டு வையுங்கள். நடுவில் விட்டால் திரும்ப எடுக்கும்போது எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தோம் என்று மாறிவிடும், மாறினால் அதிலும் ஒரு துளை.

ஒரு கண்ணி நழுவி ஏணி மாதிரி இறங்கிவிட்டது

பதற வேண்டாம், துணியை இழுக்கவும் வேண்டாம். முதலில் நழுவின கண்ணியில் ஒரு சட்டை ஊசியைக் குத்தி நிறுத்துங்கள். பிறகு குரோஷே ஊசியை எடுத்துப் பிளேன் பக்கம் உங்களைப் பார்க்கும்படி பிடியுங்கள். ஊசியை முன்பக்கத்தால் கண்ணிக்குள் விட்டு, அதற்கு நேர் மேலே குறுக்காகக் கிடக்கும் நூலைப் பிடித்துக் கண்ணிக்குள்ளால் வெளியே இழுங்கள். ஒரு படி ஏறிவிட்டது. அப்படியே ஒவ்வொரு படியாக, எந்தக் குறுக்கு நூலையும் விடாமல், மேலே வரைக்கும். கடைசியில் கண்ணியை இடது ஊசியில் போடும்போது அதன் வலது கால் ஊசிக்கு முன்னால் இருக்க வேண்டும். இடது கால் முன்னால் இருந்தால் அந்தக் கண்ணி முறுக்கிக்கொண்டு நிற்கும், துணியில் அது தனியாகத் தெரியும்.

லேஸில் கணக்கு வரவில்லை, துளை இடம் மாறிப் போகிறது

லேஸின் உயிர் ஒரு சின்னக் கணக்கில் இருக்கிறது. ஒரு நூல்சுற்று ஒரு கண்ணியைக் கூட்டும், இரண்டைச் சேர்த்துப் பின்னுவது ஒன்றைக் குறைக்கும். அநேகமான மொடல்களில் இரண்டும் அதே வரிசையில் சமமாக இருக்கும். ஷெட்லாந்துத் தீவுகளின் பழைய அலை மொடலை எடுங்கள், பிள்ளைச் சால்வைக்கு அதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியாது. 18 கண்ணி ஒரு பங்கு. இரண்டு இரண்டாகச் சேர்ப்பது மூன்று தடவை, பிறகு ஒரு நூல்சுற்று ஒரு பிளேன் என்று ஆறு தடவை, பிறகு மறுபடி இரண்டு இரண்டாக மூன்று தடவை. ஆறு குறைந்தது, ஆறு கூடியது, முடிவிலும் 18. வரிசை முடிந்து எண்ணும்போது ஒரு பங்கில் 17 இருந்தால் அந்தப் பங்கில்தான் ஒரு நூல்சுற்று விட்டுப்போயிருக்கிறது, முழுச் சால்வையையும் தேட வேண்டாம். அதற்காகவே ஒவ்வொரு பங்குக்கும் நடுவில் வேறு நிற நூலில் சின்ன வளையம் செய்து ஊசியில் போட்டுக்கொள்ளுங்கள்.

விட்டுப்போன நூல்சுற்றை அடுத்த வரிசையிலேயே கண்டால் பிரிக்கத் தேவையில்லை. அந்த இடத்துக்கு வந்ததும் இரண்டு கண்ணிக்கும் நடுவில் கிடக்கும் குறுக்கு நூலை இடது ஊசியால் முன்பக்கத்திலிருந்து தூக்கி, அதை நூல்சுற்றாக நினைத்து முன் காலில் பின்னுங்கள். துளை கொஞ்சம் சின்னதாக இருக்கும், கழுவி விரித்தால் தெரியாது. பின் காலில் பின்னினால் முறுக்கித் துளை மூடிப்போகும். நூல்சுற்று எல்லாம் போட்டும் துளையே விழவில்லை என்கிறவர்கள் திரும்பும் வரிசையில் அதைப் பின் காலில்தான் பின்னுகிறார்கள். இன்னொன்று, நூல்சுற்றுக்கு அடுத்தது பேர்ல் என்றால் நூலை முன்னால் கொண்டுவந்தால் போதாது, ஊசிக்கு மேலாக முழுவதும் சுற்றி மறுபடி முன்னுக்கு வர வேண்டும்.

கணக்குச் சரி, ஆனால் இலை சாய்கிறது, வளைவு கோணுகிறது என்றால் சேர்த்துப் பின்னுகிற பக்கத்தைப் பாருங்கள். இரண்டை நேராகச் சேர்த்தால் வலப்பக்கம் சாயும். இரண்டையும் பின்னாமல், பிளேன் பின்னுவதுபோல ஊசியை விட்டு ஒவ்வொன்றாக வலது ஊசிக்கு மாற்றி, திரும்ப இடது ஊசியில் போட்டுப் பின் காலில் சேர்த்துப் பின்னினால் இடப்பக்கம் சாயும். இலையின் இரண்டு ஓரத்துக்கும் ஒரே விதத்தைப் பாவித்தால் இலை நிமிராது.

இனி, பல வரிசை கீழே பிழை, பிரித்தே ஆக வேண்டும் என்ற நிலை. லேஸைக் கண்மூடித்தனமாகப் பிரித்தால் நூல்சுற்றுகள் எல்லாம் அவிழ்ந்து கண்ணிகளைத் திரும்பப் பிடிக்கவே முடியாது. அதனால் தொடங்கும்போதே காப்பு நூல் போடுங்கள். மொடலின் வரிசைகள் ஒருமுறை முழுதாக முடிகிற ஒவ்வொரு தடவையும், வெறும் பேர்ல் வரிசை ஒன்றில், தையல் ஊசியில் வேறு நூல் கோர்த்து ஊசியிலிருக்கும் எல்லாக் கண்ணிக்குள்ளாலும் விட்டுவிடுங்கள், ஆனால் பங்கு பிரிக்கப் போட்ட நிற வளையங்களுக்குள் விடாதீர்கள். பிறகு பிழை வந்தால் ஊசியை உருவிவிட்டுக் காப்பு நூல் வரைக்கும் தைரியமாக இழுக்கலாம், அதோடு நின்றுவிடும். நான் இதற்கு மெல்லிய தங்கூசி (மீன்பிடி நைலோன் நூல்) பாவிக்கிறேன், வாவிக்கரையில் யார் வீட்டிலும் ஒரு துண்டு கிடைக்கும். வழுக்கிக்கொண்டு போகும், பஞ்சு ஒட்டாது, கண்ணியோடு சேர்ந்து பின்னுப்படாது. அது வழுக்குவதனாலேயே இரண்டு முனையிலும் ஒவ்வொரு தெறியைக் கட்டிவையுங்கள், இல்லாவிட்டால் உருவிக்கொண்டு வந்துவிடும். வேலை முடிந்ததும் ஒரே இழுவையில் முழுவதையும் எடுங்கள். நறுக்கி எடுத்தால் ஒரு சின்னத் துண்டு உள்ளே தங்கிப் பிள்ளையைக் குத்தும்.

முடித்தும் லேஸ் கசங்கின கடதாசி மாதிரிக் கிடக்கிறது

ஊசியிலிருந்து இறக்கின லேஸ் எல்லாம் அப்படித்தான் இருக்கும். அதை நனைத்து இழுத்து விரித்துக் காயவைத்த பிறகுதான் துளைகள் கண் திறக்கும். கம்பளி என்றால் இளஞ்சூட்டுத் தண்ணீரில் 20 நிமிடம் ஊறவிட்டு, முறுக்காமல் துவாயில் வைத்துச் சுருட்டி அமத்தி, பாயில் விரித்துக் குண்டூசி குத்தி, முழுவதும் காயும்வரை விடுங்கள். பன்பாய் இதற்கு நல்லது, ஆனால் சாயம் போட்ட பாயில் வெள்ளை லேஸை நேராக விரிக்காதீர்கள், நடுவில் ஒரு வெள்ளைத் துணி வையுங்கள். குண்டூசி துருப்பிடிக்காததாக இருக்க வேண்டும். மார்கழி மழையில் இரண்டு நாள் எடுத்தாலும் பொறுமையாக ஃபானுக்குக் கீழே விடுங்கள். ஈரம் இருக்கும்போது எடுத்தால் திரும்பச் சுருங்கும்.

அக்ரிலிக் தண்ணீருக்கு அசையாது. கடைகளில் வுல் என்று கேட்டால் தருவதில் நிறைய அக்ரிலிக்தான், சுற்றியிருக்கும் லேபலைப் படியுங்கள். அதை விரிக்க ஆவி வேண்டும். குண்டூசி குத்தி வைத்து, ஆவி வரும் அயனை மூன்று நாலு சென்றிமீற்றர் மேலே பிடித்து நகர்த்துங்கள், துணியில் முட்டவே கூடாது. முட்டினால் இழை உருகித் தட்டையாகிவிடும், அதைத் திருத்த வழியே இல்லை. முதலில் மாதிரித் துண்டில் செய்து பாருங்கள்.

போடப் போடச் சட்டை நீண்டுகொண்டு போகிறது

பருத்தியைக் கொடியில் தொங்கவிட்டுக் காயவைத்திருப்பீர்கள். ஈரப் பருத்தி பாரம், தன் பாரத்தாலேயே இழுபடும், திரும்பச் சுருங்கும் தன்மையும் அதற்குக் குறைவு. எப்போதும் படுக்கையாகக் காயப்போடுங்கள். ரிப்பை உடம்பைவிட இரண்டு அளவு சின்ன ஊசியில் பின்னினால் கைமுனையும் இடுப்பும் தளராது.

நூல் பிளக்கிறது, கை வழுக்குகிறது, வெள்ளையில் கறை

கச்சான் என்கிற சூடான காற்று வீசுகிற மாதங்களில் பகல் ஒரு மணிக்கு உட்கார்ந்து லேஸ் பின்னினால் விரல் வியர்த்து நூல் ஊசியில் ஒட்டும். விடியற்காலை அல்லது பொழுது சாய்ந்த பிறகு பின்னுங்கள், மூங்கில் ஊசி இருந்தால் அதை எடுங்கள். நூல் பிளந்தால் ஊசி முனை அளவுக்கு மீறிக் கூர் அல்லது நூலின் முறுக்கு அவிழ்ந்திருக்கிறது. ஊசியையும் துணியையும் கீழே தொங்கவிட்டால் நூல் தானாகச் சுழன்று சரியாகும். மருதமுனைத் தறி நூலை வாங்கிப் பின்னலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. அது நெய்வதற்கான மெல்லிய நூல், பல இழையைச் சேர்த்துப் பிடித்தால்தான் பின்ன முடியும், ஊசி ஒவ்வொரு முறையும் இழைகளுக்கு நடுவில் குத்தும். தொடக்கக்காரருக்கு வேண்டாம்.

கடற்காற்றில் இரும்புக் குரோஷே ஊசி சீக்கிரம் துருப்பிடிக்கும். வேலைக்குள் குத்தி வைத்துவிட்டுப் போனால் ஒரு இரவிலேயே வெள்ளையில் மஞ்சள் புள்ளி விழும். பருத்தி என்றால் தேசிக்காய்ப் புளியும் உப்பும் தேய்த்து வெயிலில் வைத்துக் கழுவினால் போகும்.

இரண்டு முன்பக்கமும் ஒரே பக்கம், கைகள் ஏறுமாறு

முன்பக்கம் திறந்த சட்டையில் இரண்டாவது துண்டை முதல் துண்டின் கண்ணாடி போலப் பின்ன வேண்டும், குறிப்பை அப்படியே திரும்பப் பின்னினால் இரண்டும் இடப்பக்கம்தான். கைகளைச் சென்றிமீற்றரில் அளக்காதீர்கள், வரிசையை எண்ணுங்கள். அல்லது இரண்டு நூல் உருண்டை வைத்து இரண்டு கையையும் ஒரே ஊசியில் சேர்த்துப் பின்னுங்கள்.

மேஸ் காலில் நிற்கவில்லை

பிள்ளை உதைத்துக் கழற்றுவது இயற்கை. கணுக்காலுக்கு மேலே இரண்டு சென்றிமீற்றருக்காவது ரிப் வையுங்கள். கயிறு கோர்த்தால் கணுக்காலில் இரண்டு இடத்தில் தைத்துவிடுங்கள், உருவி எடுக்க முடியாதபடி.

சட்டை சரி, ஆனால் போட்டதும் பிள்ளை சிணுங்குகிறது

உள்பக்கத்தைத் திருப்பி உங்கள் கழுத்தில் உரசிப் பாருங்கள். தையல் தடிப்பாக இருந்தால் பிறந்த பிள்ளைக்குத் தையலை வெளிப்பக்கம் வருமாறு மாற்றிப் போட்டுவிடுங்கள், ஒரு குறையும் இல்லை. மேஸுக்குள்ளும் கையுறைக்குள்ளும் தொங்குகிற நூல் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். ஒரு நூல் விரலைச் சுற்றி இறுகினால் இரத்தம் ஓடாமல் போகும். காரணமில்லாமல் அழுகிற பிள்ளையின் மேஸை முதலில் கழற்றுங்கள். விரல் சிவந்து வீங்கி, நூலை எடுக்க முடியவில்லை என்றால் உடனே ஆஸ்பத்திரி. கையுறை, மேஸ் இவற்றில் பெரிய துளை லேஸ் வைக்காததும் இதனால்தான், விரல் மாட்டும். லேஸைச் சால்வைக்கும் கவுணின் கீழ்ப் பகுதிக்கும் வையுங்கள்.

முதுகிலும் கழுத்திலும் வியர்க்குரு என்றால் என்ன நூல் என்று பாருங்கள். எங்கள் ஊர் வெப்பத்துக்குப் பருத்தி. அக்ரிலிக் வியர்வையை உறிஞ்சாது, சாம்பிராணித் தணலுக்குக் கிட்டப் போனால் உருகித் தோலில் ஒட்டவும் செய்யும். கம்பளியைச் சுவிஸிலும் கனடாவிலும் இருக்கும் சொந்தக்காரரின் பிள்ளைகளுக்கும் நுவரெலியாவுக்குப் போகிறவர்களுக்கும் பின்னிக் கொடுங்கள். எந்த நூலானாலும் பிள்ளை தூங்கும்போது தொப்பியைக் கழற்றிவிடுங்கள், சால்வையை முகத்துப் பக்கம் தளர்வாக விடாதீர்கள்.

கடைசியாக ஒன்று, இதை எல்லா வீட்டிலும் சொல்கிறேன். பின்னி முடித்த சட்டைகளை அலுமாரியில் நப்தலீன் உருண்டையோடு வைக்காதீர்கள். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள பிள்ளைகளுக்கு அந்த வாடையே இரத்தச் சிவப்பணுக்களை உடைத்து மஞ்சள் காமாலையைக் கடுமையாக்கும், அந்தக் குறைபாடு பிள்ளைக்கு இருக்கிறதா என்று பெரும்பாலும் வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது. நன்றாகக் காயவைத்துப் பருத்திப் பையில் காய்ந்த வேப்பிலையோடு கட்டிவையுங்கள். ஏற்கெனவே நப்தலீனோடு கிடந்த சட்டை என்றால் பிள்ளைக்குப் போடுவதற்கு முன்னால் சவர்க்காரம் போட்டுக் கழுவி, வாடை முற்றாகப் போகும்வரை காற்றாடக் காயவிடுங்கள். கொஞ்சம் மணத்தாலும் திரும்பக் கழுவுங்கள்.